புள்ளிக்குப் பின்னால் எட்டு

— அந்த லெட்டர எழுதுனது நீதானம்மா?

— எந்த லெட்டரு? போன எடுத்ததுமே பொலிசு மாதிரி கேக்குற!

— நாவலப்பிட்டியில இருந்து எங்க பல்லேகல சொப்ட்வெயார் கந்தோருக்கு வந்தது. பேரு இல்ல. "பிள்ளை மடுவத்துல மாசாமாசம் நிறுக்கிறோம். தராசுல ஏறுது, நீங்க குடுத்த டெப்புத் திரையில ஏறல"ன்னு...

— யாராச்சும் எழுதியிருப்பாங்க. கொழுந்தெடுக்கப் போறவங்க பிள்ளைகள விட்டுட்டுப் போற மடுவம் இங்க ஒன்னா ரெண்டா?

— "நம்பிக்கை இல்லாட்டி வந்து பிள்ளையத் தூக்கிப் பாருங்க"... இந்த வாய் வேற யாருக்கும்மா இருக்கு?

— ...சிரிக்காத, தயாளினி. பிள்ளைக நிறை ஏறலையாம். பிள்ளைகளுக்கு வர்ற திரிபோஷ சத்து மாவ உங்கம்மா அங்கம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறான்னு தோட்டத்துத் தொர காதுல போட்டுட்டாங்க.

— அட கடவுளே! எங்கிட்ட ஏன் சொல்லல?

— சொன்னா அழுவ. பரிமளம் பிள்ள ஒம்பது புள்ளி ஒன்னு கிலோ, அடுத்த மாசம் ஒம்பது நாலு, இப்ப ஒம்பது எட்டு. நானே தராசப் பாத்து டெப்புல அடிச்சேன். மூனு மாசமும் வெறும் ஒம்பதுன்னு நிக்குது!

— ஆமாம்மா. நீ அடிக்கிறது தசமம். அத வாங்கி வைக்கிற எடத்துல முழு எண் வகைன்னு எழுதிட்டாங்க.

— சரி, ஒம்பது எட்டுன்னா பத்துன்னு எடுக்க வேண்டியதுதானே?

— கிட்டத்துக்கெல்லாம் எடுக்காது. புள்ளிக்குப் பின்னால இருக்கிறத வெட்டி வீசிரும்.

— வீசிருமா? எண்ணூறு கிராம் பிள்ளச் சதைடி அது! எந்த மகராசி எழுதுனா?

— யாரோ... அத விடு. நாங்க எட்டுப் பேரு சோதிச்சோம். எல்லாரும் பத்து, பன்னெண்டுன்னு முழுசாவே அடிச்சுப் பாத்திருக்கோம், மக்குக! நீ தராசுல பாத்தத ஒரு கொப்பியில எழுதி வச்சுக்கிட்டு புடிச்சிட்ட. எனக்கு எவ்வளவு பெருமையா இருக்கு தெரியுமா?

— போடி... இன்னொருக்கா சொல்லு.

— பெருமையா இருக்கு! இன்னிக்கு மெனேஜர் எல்லாரையும் கூட்டி வச்சு லெட்டர வாசிச்சாரு. இந்த எடத்த எழுதுனது யாருன்னாரு. நான்... எந்திரிச்சேம்மா. தப்பு என்னுது சேர், கண்டுபிடிச்சது எங்கம்மான்னேன்.

— எந்திரிச்சு நின்னியா? அத்தன பேரு முன்னால? ...வேல?

— இருக்கு. தப்பு எங்க பக்கம்னு எல்லாத் தோட்டத்துக்கும் நாளைக்கே கடிதம் போகுது. நீ ஏம்மா அதுல பேரு போடல? அவ்வளவு பயமா?

— பயமா, எனக்கா? உன் பேரு கெடக் கூடாதுன்னு மூனு மாசம் ஏச்சு வாங்கிட்டுப் பேசாம இருந்தவ நான். போன கெழம பக்கத்து மடுவத்து சுப்பம்மாவ இதே பழியில வேலைய விட்டு நிப்பாட்டிட்டாங்க, அதுக்கு மேல மனசு கேக்கல... "டெப்புல நிறை பதியிற எடத்த எழுதினது நான்தான்"னு தீவாளிக்கு நீ தம்பிகிட்ட பீத்திக்கிட்டப்ப, நான் அடுப்படியிலதாண்டி இருந்தேன்.