உள்ளுக்கும் மேலுக்கும்

எண்ணினது போதும் பிரின்ஸ் தம்பி, ஒக்காருங்க. நூறு தடவ எண்ணினாலும் அதேதான் வரும். தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கம்ப்யூட்டர்ல பதினொண்ணு, தட்டுல பன்னெண்டு. கண்வலிக் கிழங்குப் பொடி கம்ப்யூட்டர்ல ஆறு, தட்டுல அஞ்சு. எப்படித் தெரியும்னா கேக்கிய? ஒரு வருசமா கடை தொறந்ததும் அதத்தான எண்ணுதேன்.

டீயக் குடிங்க. சாரல்ல நல்லா நனஞ்சி வந்திருக்கிய.

ஆமா, புது சாஃப்ட்வேருக்கு மாத்தணும்னா இருப்பு ஒத்து வரணும்னு போன்லயே சொன்னிய. உங்கள நான் குத்தம் சொல்லல. இந்த நாட்டு மருந்துக் கடைய மொதமொதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்துனது நான்தான். அப்ப வந்தவரு ஒரு மாதிரிப் பட்டியல் தந்தாரு. பொடி, எண்ணெய், பட்டை, வேர், லேகியம்னு. பாக்கவே அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. நானூத்திச் சொச்சம் சரக்கு, ஒவ்வொண்ணா நானே வகை பிரிச்சேன். பெறவு கடைத் தட்டையும் அதே வரிசையில மாத்தி அடுக்கினேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா தேடுத வேலை இல்லல்லா?

அதுக்கு முந்தியா? எங்க வாப்பா வச்ச வரிசை. அவருக்கு ரெண்டே வகைதான். உள்ளுக்குச் சாப்பிடுதது, மேலுக்குத் தேய்க்கது. மேலுக்கு உள்ளதெல்லாம் அந்தா, கெழக்குச் சொவத்துல உசரத்துல இருக்கும். ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்கணும். பொட்டலத்துல செவப்பு நூலு வேற சுத்தியிருக்கும். இந்த நூல எந்தக் கட்டத்துல ஏத்தன்னு அந்தப் பட்டியல் தந்தவருட்ட நானும் கேட்டேன். அதுக்குக் கட்டம் இல்லன்னுட்டாரு.

அங்கன பொட்டலம் மடிக்காருல்லா, சுடலைக்கண்ணு அண்ணாச்சி, அவருதான் சத்தம் போட்டாரு. ஏன் மொதலாளி, தொப்பியும் செருப்பும் போடுத சாமான்தானன்னு ரெண்டையும் ஒரே ஆணியில மாட்டுவியளோன்னு கேட்டாரு. நான் சிரிச்சேன். வாசிக்கத் தெரியாதவருக்குத்தான் நூலு, நமக்கு ஸ்டிக்கர் இருக்குன்னேன். எல்லாரு முன்னாலயும் சொன்னேன் தம்பி. அவரு பொட்டலம் மடிக்கப் போயிட்டாரு.

இந்தாங்க, அந்த ஸ்டிக்கரப் பாருங்க. பொடின்னு பெருசா, நூறு கிராம்னு பெருசா. எதுல உள்ள பொடிங்கது அடியில எறும்பு ஊருத மாதிரி. ரெண்டும் ஒரே வெள்ளிக் கவரு.

கண்வலிக் கிழங்கா? அது எண்ணெயில காச்சி மூட்டு வலிக்குத் தேய்க்கது. உள்ள போனா வெசம்.

இப்ப ரெண்டையும் விக்கதில்ல. யாரும் கேட்டா தென்காசி பஜார்ல பாருங்கன்னு அனுப்பிருதேன். எண்ணுததோட சரி. ஒரு நாளாவது ஆறு வந்துராதான்னுதான். ஆறு வந்துட்டா ஒண்ணுமே நடக்கல பாத்துக்கிடுங்க. அடியில விழுந்து கெடக்கோன்னு பலகையக்கூடக் கழத்தியாச்சு. சில நாளு அஞ்சாவது பொட்டலத்துக்குப் பொறத்தால இன்னொண்ணு நிக்குத மாதிரியே இருக்கும். கைய விட்டா சொவரு.

என்னது, காரணம் கேக்குதா? காரணம் போடாம அடுத்த பக்கம் போவாதா? என்னென்ன இருக்கு, வாசிங்க... சேதாரம்... காலாவதி... திருட்டு...

திருட்டுன்னு போடக் கூடாது தம்பி. போட்டா சுடலைக்கண்ணு அண்ணாச்சியத்தான் எல்லாரும் பாப்பாக. ஏற்கெனவே ஒருத்தி செய்யாத பாவத்தச் சொமக்குதா. இன்னொருத்தர் வேண்டாம். கடேசியா என்ன இருக்கு?

சொந்த உபயோகம். ஆங், அதான்.

போன வருசம் சாரல் சீசன்ல எம்மவ ஜுஹைனா பிள்ளை பெத்து பதினேழு நாளு. பால் பத்தலன்னு எங்க வீட்டுக்காரி மெஹர் பானு போன் போட்டா. கடையில தலைக்கு மேல கூட்டம். பால் ஊறுததுக்குத் தண்ணீர்விட்டான் பொடின்னு நெனச்சி நான்தான் ஒண்ண உருவிப் பையில போட்டேன். கம்ப்யூட்டர்லயும் அப்படியே பதிஞ்சேன். பால்ல கலக்கிக் குடுத்தது அவ. நாலாம் நாளு எம்மவள மண்ணுல வச்சோம். சம்மந்தியம்மா நிலோபர் குடுத்துவிட்ட மீன் கொழம்புதான் ஆவலன்னு ஊரே சொல்லிச்சு. நான் இல்லன்னு சொல்லல. கவரும் குப்பைக்குப் போயிட்டு, மிச்சப் பொடியையும் யாரோ கொட்டிட்டாக. இந்த அஞ்சும் பன்னெண்டும் மட்டுந்தான் மிச்சம்.

அழாதிய தம்பி. ஒண்ணு கேக்கேன். சாயங்காலம் பில் போட மெஹர் பானுதான் இங்கன ஒக்காருவா. இந்தக் காரணத்த அவளால தொறந்து பாக்க முடியுமா?

முடியும்னா சொல்லுதிய...

சரி. நீங்க எந்திரிங்க. அந்தச் சொந்த உபயோகத்த நானே அமுக்குதேன்.