கண்டல்பட்டைச் சிவப்பு

இரவல் வாங்கிய சாமானைச் சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, சேர். வவுணதீவில் வீடுகளுக்கு வயர் இழுக்கிற நிஸ்தாரிடம் கேட்டுப் பாருங்கள். அந்த நீட்டு அலுமினிய ஏணியை மத்தியான லுஹர் தொழுகைக்கு முந்தித் தர வேண்டும் என்றார். கொடுத்துவிட்டேன்.

நான் படித்தவனில்லை. பதினொரு வயதில் சூளையில் கல் சுமந்தேன். பிறகு வாவியில் வலை, வயல் வட்டையில் வரம்பு வெட்டு, ஆலையில் நெல் மூட்டை. ஐம்பது வயது தாண்டும்வரை என் முழுப்பெயரைச் சொல்லி ஒருவரும் கூப்பிட்டதில்லை. "டேய்" அல்லது "அந்தாள்". அவ்வளவுதான்.

எட்டு வருசத்துக்கு முன் ஒரு பேராசிரியர் வந்தார். எனக்குக் கதிரை தந்து, "கதிர்காமத்தம்பி, இருங்க" என்றார். வயலில் எலி பிடிக்க வருமே, வீட்டுப் பூனையிலும் சின்னது, உடம்பில் துருப்பிடித்த மாதிரிப் புள்ளி, அந்தக் காட்டுப்பூனையைப் பற்றித்தான் அவருடைய படிப்பு. தீவு முழுக்க ஒரே வகை என்று முதலில் எழுதினார்களாம். பிறகு ஈரக்காட்டுப் பூனை வேறு, வறண்ட பக்கத்துப் பூனை வேறு என்று இரண்டாகப் பிரித்தார்களாம். வாவிக்கரையில் இருப்பது எது என்று ஒருவரும் பார்க்கவில்லை. வாகனத்தில் அடிபட்டுக் கிடந்தால் தோலை உரித்து வைத்திருக்கச் சொன்னார்.

றோட்டில் ஒன்றுதான் கிடைத்தது. அவர் மறுபடி வந்து கதிரை போட வேண்டுமென்றால் ஒன்று போதாது. கூட்டுக்குள் கோழிக்குஞ்சைக் கட்டினால் பூனை தானாக வரும். அடித்தால் தோல் கெடும். அதனால் கூட்டோடு வாவியில் இறக்கிவிட்டு ஒரு பீடி முடியும்வரை இருப்பேன். அதிகம் சத்தம் இருக்காது. அப்படி ஐந்து.

முதல் தோல் நாறி மயிர் கொட்டப் பார்த்தது. நூல்வலை உக்காமலிருக்க எங்கள் ஆட்கள் முந்திக் கண்டல் மரப்பட்டையை அவித்து, அந்தச் சாயத்தில் வலையைத் தோய்ப்பார்கள். நைலோன் வந்து அந்த வேலை போய்விட்டது. கைக்கு மறக்கவில்லை. ஆறு தோலையும் அப்படியே தோய்த்தேன். நாற்றம் நின்றது, மயிர் செங்கல் நிறத்துக்குச் சிவந்தது.

பேராசிரியர் ஒரு தோலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தச் சிவப்பு தீவில் வேறெங்கும் இல்லை என்றார். பட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேளாத கேள்விக்குப் பதில் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

மறுவருசம் ஒரு சஞ்சிகையோடு வந்தார். வாவிக்கரைப் பூனை தனி உபஇனம், மூன்றாவது. அதற்கு என் பெயரை வைத்திருந்தார். லத்தீனுக்காக வாலில் ஓர் எழுத்தை இழுத்துவிட்டு அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தை லெமினேற் பண்ணிச் சுவரில் மாட்டினேன். பள்ளிக்கூட விழாவில் முன்வரிசையில் இருத்தினார்கள். "பூனை ஐயா வாறார், கருவாட்டை மூடுங்க" என்று கடையடியில் நக்கலடித்தார்கள்தான். ஆனால் அதிலும் ஐயா இருந்தது.

இந்தக் கார்த்திகையில் சஹ்லா வந்தாள். ஏறாவூர்ப் பிள்ளை, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி, ஸ்கூட்டியில் வந்தாள். நல்ல பிள்ளை. என் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினாள். தோலில் மரபணு எடுபடவில்லையாம், நனைத்தால் தண்ணீர் சிவக்கிறதாம்.

"இது கண்டல்பட்டைதானே ஐயா? எங்கட ஆக்களும் வலைக்குப் போட்டவங்க."

ஓம் என்றேன். பொய் சொல்லவில்லை. சிவப்பு சாயமென்றால் தனி உபஇனம் நிற்காதாம். என்னில் பிழையில்லை என்று அவள்தான் ஆறுதல் சொன்னாள். இந்தப் பூனையை ஒருவர் பிரிப்பதும் அடுத்தவர் சேர்ப்பதும் நெடுக நடக்கிறதுதானாம்.

"அப்ப என்ர பேர், மனே?"

"அது அழியாது ஐயா. பழைய பேருக்குக் கீழ ஒரு வரியில இரிக்கும்."

கீழே. மூட்டைக்குக் கீழே, கல்லுக்குக் கீழே இருந்தவனுக்கு அந்த இடம் தெரியும்.

உறுதியாகச் சொல்ல எலும்பு வேண்டும் என்றாள். உரித்த உடல்களை வட்டைக்கு நடுவில் கிடக்கும் பாழ்கிணற்றில் போட்டதைச் சொன்னேன். அதுவும் உண்மைதான். ஏணி கிடைத்தால் தானே இறங்குவதாகச் சொன்னாள். அடுத்த நாள் காலையில் நிஸ்தாரிடம் போனேன்.

அவள் இறங்கும்போது நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் படி ஆடும், கவனம் என்றும் சொன்னேன். பையும் போனும் மேலே என்னிடம் இருந்தன. சின்ன மண்டையோடு ஒன்றைத் தூக்கிக் காட்டி, எல்லாம் இருக்கிறது என்று சந்தோசப்பட்டாள். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஏணியை மேலே இழுத்தேன்.

"ஐயா, நான் ஏறின மறுகா எடுங்க" என்று சிரித்தாள்.

"இது இரவல் ஏணி, மனே" என்றேன்.

ஸ்கூட்டியை வைக்கோல் கொட்டிலுக்குள் நிழலில் விட்டேன். பிள்ளையைப் பட்டினி போடவில்லை. இரண்டு நாளும் கயிற்றில் தண்ணீரும் பிஸ்கட்டும் இறக்கினேன். சஹ்லாவின் தாய் றுக்ஷானா எனக்கு அழைத்தார். பிள்ளை கொக்கட்டிச்சோலைப் பக்கம் போனதாகச் சொன்னேன். தாய் மனம் பதறக்கூடாது.

எழுதமாட்டேன், ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று பிள்ளை அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டது. நானும் யோசித்தேன். கிணற்றுக்குள் நின்று தரும் வாக்கை எப்படி நம்புவது? மேலே வந்து தந்தால் நம்பலாம். மேலே வந்தால் தரத் தேவையில்லையே. எந்தப் பக்கம் கிறுகினாலும் சுவர், சேர். அகப்பட்டது நானும்தான்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. வரம்புகள் மூழ்கி, வயல் தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கியது. பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. ஏணி, ஏணி என்றது. நிஸ்தார் வேலை செய்த வீடு அரை மைல்கூட இல்லை. ஆனால் ஒரே சாமானை இரண்டு தரம் இரவல் கேட்க எனக்கு வெட்கம். ஏன் என்றும் கேட்பார்.

குடையோடு விளிம்பில் இருந்தேன். தனியே விட மனம் வரவில்லை. பீடி நனைந்துபோனதால் எவ்வளவு நேரம் என்று சரியாகச் சொல்ல முடியாது. பூனைகளைவிடச் சத்தம் கூட.

நான் தள்ளவில்லை, அடிக்கவில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதுங்கள். மேலே என் பெயரை முழுதாகப் போடுங்கள். பிள்ளையின் பெயர் கீழே ஒரு வரியில் இருக்கட்டும். கீழே இருந்தால் அழியாது என்று அந்தப் பிள்ளையே சொன்னது.