வெள்ளை வண்டிக்கு என்ன குறை?

எரோல்: வேணாம்னா வேணாம், ரோன்டா. அந்த வெள்ளை வண்டிப் பேச்சையே எடுக்காதே.

ரோன்டா: காலைல இருந்து மூணு தடவை அதைச் சுத்தி வந்தீங்க. அடியில படுத்தே பாத்தீங்க. இப்போ திடீர்னு...

எரோல்: சுத்தி வந்தா வாங்கியே ஆகணுமா? நம்ம ஊர் சர்ச் கட்டடத்தையும்தான் தினம் சுத்தி வர்றேன்.

நோலீன்: உள்ளே போனதில்லைங்கறது வேற விஷயம்.

எரோல்: நீ கொஞ்சம் சும்மா இரு, நோலீன். உனக்காகத்தான் பேசிட்டிருக்கேன்.

நோலீன்: எனக்காகவா! முப்பத்தோரு வருஷமா ரெண்டு பேரும் வேலி போடறோம். கம்பிச் சுருள் தூக்கறது நான், வண்டி ஓட்டறது நான். வாய் மட்டும் எனக்காக நீ. சரி, பேசு.

ரோன்டா: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. வண்டி விக்கறவ நான், நானே சொல்றேன். திங்கக்கிழமை நீங்க டேவன்ஹில் பண்ணையில வேலி ஆரம்பிக்கணும். நாப்பது கிலோமீட்டர். பாதி கரிசல், பாதி ஓடை மணல். உங்க பழைய பிக்கப்போ சேசிஸ் உடைஞ்சு எங்க ஒர்க்‌ஷாப் பின்னாடி செத்துக் கிடக்கு.

எரோல்: செத்துக் கிடக்குன்னு சொல்லாதே. ரெஸ்ட் எடுக்குது.

ரோன்டா: கரிசல்ல மழை பெஞ்சா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் பாடம் எடுக்கணுமா? போன வருஷம் ரெண்டு நாள் சேத்துல மாட்டிக்கிட்டு, டப்பா பீட்ரூட்டைத் தின்னுட்டு உக்காந்திருந்தீங்களே...

நோலீன்: வேளாவேளைக்குப் பீட்ரூட். மறுநாள் காலைல இந்த மனுஷன் புதர் மறைவுலருந்து அலறிட்டு ஓடி வந்தாரு, ரத்தமா போகுதுன்னு.

எரோல்: அதை எதுக்கு இப்போ இங்கே...

ரோன்டா: அதனாலதான் சொல்றேன். வெள்ளை வண்டிக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் லாக் இருக்கு. ஒரு சக்கரம் சேத்துல வீணா சுத்தினாலும் இன்னொண்ணு இழுத்துட்டு வந்துரும். நல்ல உயரம், அடியில எதுவும் தட்டாது. பின்னாடி சாமான் ஏத்தற திறந்த டிரேயில ஒரு டன் ஏத்தலாம். நீங்க கேக்கற அந்தச் செவப்பு வண்டி டவுன்ல தச்சு வேலைக்குப் போறவங்களுக்கு. ஒரு சாண் தாழ்வு. முதல் ஓடையிலயே வயிறு தட்டி நிக்கும்.

எரோல்: வெள்ளைன்னா அழுக்கு தெரியும்.

ரோன்டா: இந்த ஊர்ல ஓடற வண்டியில முக்கால்வாசி வெள்ளை!

எரோல்: அதான் சொல்றேன். பப் வாசல்ல எது என் வண்டின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

நோலீன்: எல்லாரும் போனப்புறம் ஒண்ணு நிக்கும்ல, அதான் உன்னோடது.

ரோன்டா: நோலீன், நீங்களாவது இவருக்கு எடுத்துச் சொல்லுங்க. ஓட்டப் போறது நீங்கதானே.

நோலீன்: எனக்கும்... செவப்புதான் பிடிச்சிருக்கு.

எரோல்: பாத்தியா! நான் சொன்னேன்ல... என்னது?

நோலீன்: செவப்பு. பாக்க அழகா இருக்கு.

எரோல்: அழகா? நீயா? வேலிக் கம்பத்துக்கு அடிச்சு மிஞ்சின பெயின்ட்டை அடுப்படிச் சுவத்துக்கு அடிச்சவ நீ!

நோலீன்: ஏன், மனுஷி மாறக் கூடாதா?

ரோன்டா: இருங்க, இருங்க. பதினாறு வருஷமா வண்டி விக்கறேன். புருஷன் ஒண்ணு கேப்பாரு, பொண்டாட்டி ஒண்ணு கேப்பாங்க, ரெண்டு பேரும் அடிச்சுக்குவாங்க. அதுல நான் பொழைப்பை ஓட்டுவேன். ரெண்டு பேரும் ஒத்துமையா தப்பான வண்டியைக் கேக்கறதை இன்னைக்குத்தான் பாக்கறேன். என் சாஸேஜ் ரோலைக்கூட ஒரு வாய் தின்னுட்டு அந்த வெள்ளை வண்டி டிரேயிலேயே வெச்சுட்டு ஓடி வந்திருக்கேன், உங்களுக்கு விளக்கம் சொல்ல.

நோலீன்: போய்ச் சாப்பிட்டுட்டு வாம்மா. நாங்க எங்கே ஓடிடப் போறோம்?

ரோன்டா: சாப்பாடு கெடக்கட்டும். எரோல், பாக்கெட்ல என்ன தொங்குது?

எரோல்: ஒண்ணுமில்லையே.

ரோன்டா: அளவு டேப்.

எரோல்: வேலி போடறவன் பாக்கெட்ல டேப் இருக்காம ரோஜாப்பூவா இருக்கும்?

ரோன்டா: நீங்க இன்ஜினைப் பாக்கல. டயரைப் பாக்கல. தரையிலருந்து டிரே எவ்வளவு உயரம்னு மட்டும் அளந்தீங்க. மூணு தடவை!

எரோல்: கம்பமெல்லாம் தூக்கி ஏத்தணும்ல... வயசாகுதுல்ல...

நோலீன்: கம்பம் ஏத்தறதும் நான்தான்.

எரோல்: உனக்கு வயசாகுதுன்னுதாம்மா சொன்னேன்!

ரோன்டா: சரி விடுங்க. மின்ட்டியும் வந்திருக்காளா? நாய்க் குரல் கேட்டுச்சு.

நோலீன்: வெளியே நிழல்ல படுத்திருக்கா, பாவம். பதிமூணு வயசாச்சுல்ல.

ரோன்டா: அடேயப்பா. இன்னும் வேலைக்கு வர்றாளா?

எரோல்: வருவா!

நோலீன்: வராம என்ன!

எரோல்: டிரேயில தானா தாவி ஏறுவா.

நோலீன்: ஜம்முனு.

எரோல்: குட்டி மாதிரி.

ரோன்டா: நல்லதாப் போச்சு. பப்ல நீங்கதானே மேஜையைத் தட்டிச் சொல்வீங்க, தானா டிரே ஏற முடியாத நாய்க்கு அன்னைக்கோட வேலை முடிஞ்சதுன்னு.

எரோல்: சொன்னேன். சொன்னா சொன்னதுதான்.

நோலீன்: தெரியுமே... அதுவுமில்லாம, பெரில் அக்கா நாளைக்கு வர்றா.

எரோல்: உங்க அக்கா எதுக்கு இங்கே வர்றா?

நோலீன்: சும்மாதான். சோபாவுல மின்ட்டிக்குன்னு மெத்தை போட்டு வெச்சிருக்காளாம். அவளால ஏற முடியலைன்னா சொல்லு, கையோட டவுனுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்னா.

எரோல்: ஏற முடியலைன்னு யார் சொன்னது?

நோலீன்: யாரும் சொல்லலையே! நீ ஏன் கத்தறே?

ரோன்டா: நான் போய் டீ போட்டுட்டு வர்றேன். சனிக்கிழமை, பன்னெண்டு மணிக்குச் சாத்திடுவேன். அதுக்குள்ள ஏதாவது ஒரு வண்டியைச் சொல்லுங்க.

எரோல்: ...போயிட்டாளா?

நோலீன்: போயிட்டா.

எரோல்: நீ ஏன் செவப்பு கேட்டே?

நோலீன்: நீ ஏன் கேட்டே?

எரோல்: நான்தான் முதல்ல கேட்டேன்.

நோலீன்: எரோல்... காலைல நீ பல்லைத் தேச்சுட்டு வெளியே வர்றப்போ மின்ட்டி டிரேயில உக்காந்திருப்பாள்ல?

எரோல்: ஆமா. அதுக்கென்ன?

நோலீன்: எப்படி ஏறினான்னு நினைச்சே?

எரோல்: எப்படின்னா... தாவித்தான்.

நோலீன்: நான் தூக்கி வெப்பேன்.

எரோல்: என்னது?

நோலீன்: எட்டு மாசமா. வண்டிக்கிட்ட வந்து நின்னு என்னையே பாப்பா. பின்னங்கால் நடுங்கும். தூக்கி வெச்சுட்டு, ஒண்ணும் தெரியாத மாதிரி வந்து முட்டை பொரிப்பேன். திட்டணும்னா திட்டு. நீ பாட்டுக்கு உன் சட்டத்தைப் பேசி அவளை அக்காகிட்ட அனுப்பிட்டேன்னா என்னால தாங்க முடியாது. செவப்பு வண்டின்னா ஒரு சாண் கம்மியாத் தூக்கலாம். அவ்வளவுதான். என் முதுகு போயிடுச்சு.

எரோல்: அப்போ சாயங்காலம்?

நோலீன்: சாயங்காலம் என்ன? காலைல உடம்பு இறுகியிருக்கு, நாள் முழுக்க நடந்தா இளகிடுதுபோல. நான் சாமானைக் கட்டிட்டு வர்றப்போ அவளே மேலே ஏறி உக்காந்து... எரோல்!

எரோல்: பத்து மாசமா.

நோலீன்: அடப்பாவி! நீயா!

எரோல்: இரு, கத்தாதே. உன் அக்காகிட்ட அனுப்பணும்னு நீதான் துடிக்கறேன்னு நினைச்சேன். வாரா வாரம் அந்தச் சோபாக் கதையைச் சொன்னியே!

நோலீன்: உன் வாயைக் கிளறத்தான் சொன்னேன். நீ அனுப்பாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுவியான்னு பாத்தேன்.

எரோல்: அவ இல்லாம அந்தக் காட்டுல நான் என்ன பண்ணுவேன், நோலீன்? நாள் பூரா யார்கிட்ட பேசறது?

நோலீன்: பக்கத்துலயே நான் ஒருத்தி நிக்கறேனே.

எரோல்: நீ பதில் பேசுவே.

நோலீன்: அழறியா?

எரோல்: தூசி.

நோலீன்: கண்ணாடிக் கதவு சாத்தின ஏசி ரூம்ல தூசி. சரி, உன் சட்டம் என்ன ஆகறது?

எரோல்: நான் நட்ட கம்பம்தானே? நானே பிடுங்கிக்கறேன். சேத்துல மாட்டினா மாட்டிட்டுப் போறோம். பீட்ரூட் ரெண்டு டப்பா சேத்து வாங்கு.

ரோன்டா: டீ ரெடி. என்ன முடிவு பண்ணினீங்க?

எரோல்: செவப்பு. காரணம் கேக்காதே.

ரோன்டா: சரி, கேக்கல.

எரோல்: மின்ட்டியால ஏற முடியல.

நோலீன்: ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் அவளைத் தூக்கி ஏத்திட்டிருந்திருக்கோம். ஊர்ல சொல்லிடாதே, ரோன்டா. இவர் பப் பக்கம் தலைகாட்ட முடியாது.

ரோன்டா: மின்ட்டியாலயா? ஏற முடியலையா?

நோலீன்: பின்னங்கால்ல பலமே இல்ல.

ரோன்டா: மின்ட்டின்னா... ஒரு காது மடங்கினவதானே? பழுப்பு நிறம்?

எரோல்: ஆமா. ஏன், என்ன ஆச்சு அவளுக்கு?

ரோன்டா: பதறாதீங்க. அந்த ஜன்னல் வழியா கொஞ்சம் எட்டிப் பாருங்க. வெள்ளை வண்டி டிரே மேல.

நோலீன்: ஐயோ... யார் அவளைத் தூக்கி வெச்சது?

ரோன்டா: யாரும் இல்ல. டீத்தண்ணி கொதிக்கற வரைக்கும் நான் உள்ளே ஜன்னல் வழியா அவளைத்தான் பாத்துட்டு நின்னேன். எழுந்தா, சோம்பல் முறிச்சா, இந்தப் பக்கம் ஒரு பார்வை பாத்தா. யாரும் வரலைன்னதும் ஒரே தாவு. கால்ல நடுக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் சாஸேஜ் ரோல் முழுசாப் போச்சு.

எரோல்: பத்து மாசமா...

நோலீன்: என் முதுகு! அட நாயே!

ரோன்டா: அப்போ... வெள்ளையே எழுதிடட்டுமா?

எரோல்: எழுது. உன் சாஸேஜ் ரோலையும் அதுல சேத்துக்கோ.

நோலீன்: எரோல், சிரிக்காம கேளு. திங்கக்கிழமை காலைல அவ வண்டிக்கிட்ட வந்து நின்னு அந்த மாதிரி என்னைப் பாத்தான்னா... நான் தூக்கித்தான் வெப்பேன்.

எரோல்: வெச்சுக்கோ. சாயங்காலம் என் முறை, அதுல கை வெக்காதே. முதல்ல அந்த ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் வா... நாம பாத்துட்டோம்னு அவளுக்குத் தெரிய வேணாம்.