கொடிக்கால் மண்

— பூச்சாடியிலதான வெச்சாங்க நர்சம்மா, அந்த வெத்தலைய?

— ஆமா சாமி. உங்கய்யன் ஆசையா ஒரு கவுளி வெத்தலை கொண்டாந்து குடுத்தாரு. டாக்டரம்மா சீமையில இருந்து வந்து ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு. பூங்கொத்துன்னு நெனச்சு, தண்ணி ஊத்தி மேசை மேல வெச்சுட்டாங்க.

— அய்யன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாருங்க. நம்ம வேலூர்க் கொடிக்கா வெத்தலைக்கு வந்த யோகத்தப் பாருடா கொழந்தவேலும்பாரு.

— அந்தம்மா வண்டி மாட்டுக்குக்கூட வாங்க போங்கதான். நம்ம பக்கத்துப் பேச்ச அப்படிப் புடிச்சுக்கிட்டாங்க. அவங்க போயி ஆறு வருசம் ஆச்சு. இன்னைக்கும் பினாயில் வாசம் அடிச்சாப் போதும், டாக்டரம்மா வார்டுக்கு வாராங்கன்னு எந்திரிச்சு நின்னுருவேன். எப்பேர்ப்பட்ட நாளு தம்பி அது!

— அய்யன ஆசுபத்திரியில சேத்திருந்தப்ப அந்த வேப்ப மரத்தடியில நாங்க கஞ்சி காச்சுவோம். நீங்க வந்து, நர்சுக்கு இல்லையாம்பீங்க.

— உங்க ஆத்தா அள்ளி அள்ளி ஊத்துவாங்க. சரி, கரியில ஓடற பஸ்ஸுல இத்தன தூரம் குலுங்கிக்கிட்டு அஸ்தம்பட்டிக்கு வந்தது கஞ்சிக் கதை பேசவா?

— இல்லீங்க நர்சம்மா. ஆத்தாளுக்குத்தான் முடியலீங்க. கை காலு விழுந்து இருவது நாளாச்சு. தண்ணிகூட எறங்க மாட்டேங்குது.

— கர்த்தரே! அந்தப் புண்ணியவதிக்கா?

— எந்தம்பி சென்றாயன், மண்ணாசையில உசுரு நிக்குதுங்கறான். கொடிக்கா மண்ணக் கரைச்சு நாளைக்குக் காலையில வாயில ஊத்தோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறான். பங்காளிகளும் அதயே சொல்றாங்க.

— முழுங்க முடியாதவங்க வாயில ஊத்துனா ஆசை அடங்காது சாமி. மூச்சுத்தான் அடங்கும்.

— தெரியுமுங்க. அய்யனுக்கு நான் கரைச்சு எடுத்தாந்தப்ப டாக்டரம்மா கிண்ணத்தத் தட்டி வுட்டாங்களே.

— பித்தளக் கிண்ணம். கட்டலுக்கடியில உருண்டு போச்சு. நாந்தான் குனிஞ்சு எடுத்தேன்.

— "வலிக்கு மருந்து நாந் தாறேனுங்க. ராப்பகலாப் பக்கத்துல உக்காந்துக்கறேனுங்க. ஆனா உசுரு ஆண்டவர் குடுத்ததுங்க. அதுல ஒரு நாளக் கொறைக்க உங்களுக்கும் உரிமையில்லீங்க, எனக்கும் இல்லீங்க"ன்னாங்க. அத்தன கோவத்துலயும் அந்த 'ங்க' போகல பாருங்க.

— சொன்னாப்புலயே உக்காந்தாங்க. பதினோரு நாளு. புண்ணக் கழுவி, பஞ்சுல தண்ணி நனச்சு ஒதட்டுல வெச்சு, பெத்த தகப்பனாட்டம் பாத்தாங்க.

— அதயத்தான் நீங்க வந்து சொல்லோணும். நான் சொன்னா, ஆத்தாள வதைக்கிறியாடான்னு ஏசறானுங்க. நீங்க கூடவே இருந்து பாத்தவங்க. சாயங்கால பஸ்ஸுக்கே போயிரலாமுங்க.

— என்னால முடியாது தம்பி.

— ஏனுங்க? நாமக்கல்லுல எறங்குனதும் வண்டி வெக்கறனுங்க.

— நடக்கக் காலு இருக்குது. அதச் சொல்லத்தான் வாயி இல்ல. உங்கய்யன் போனது ஞாயித்துக்கெழம. நெனப்பு இருக்குதா?

— இருக்குதுங்க. கோயில் மணி அடிச்சு டாக்டரம்மா செபத்துக்குப் போயிருந்தாங்க. நான் வேப்ப மரத்தடிக்குக் கஞ்சி எடுக்கப் போனேன்.

— நீங்க முடிஞ்சு வெச்ச மண்ணு தலகாணிக்கடியில மிச்சம் இருந்துச்சு. உங்கய்யன் என் கையப் புடிச்சுக்கிட்டு, "போதும் சாமி, ஊத்து"ன்னாரு. குடுத்த மருந்து ரெண்டு நாளாக் கேக்கல. மனுசன் துடிச்ச துடிப்ப நான் பாத்தேன். எனக்குத் தாங்கல. ஊத்திட்டேன் தம்பி. நாந்தான் ஊத்துனேன்.

— நர்சம்மா, அழுவாதீங்க.

— அழுவ வுடுங்க சாமி, பதினெட்டு வருசமா அடக்குனது. உச்சிப் பொழுதுக்கு உங்கக்கா ராமாயி ஜலகண்டாபுரத்துல இருந்து வந்து எறங்குனா. எட்டு வருசமாப் பேச்சில்லாத மவ. இன்னுஞ் செத்த முந்தி வந்திருந்தா அய்யன் மொகத்துல முழிச்சிருப்பனேன்னு என்னத்தான் கட்டிக்கிட்டு அழுதா. அந்தப் பொழுத எடுத்தவளையே கட்டிக்கிட்டு அழுதா!

— டாக்டரம்மாகிட்டச் சொல்லலீங்களா?

— அவங்க சாகற மட்டும் சொல்லல. முட்டி போட்டு முட்டி போட்டு முழங்காலு காச்சுப் போனதுதான் மிச்சம். கடைசியா என் கையப் புடிச்சு, "எஸ்தர், நல்ல கைங்க இது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஊத்துனவ எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க ஊட்டுக்கு வந்து ஊத்தாதீங்கன்னு சொல்லுவேன்?

— ஊத்துனவங்கதானுங்க சொல்லோணும். மத்தவங்க சொன்னா வேதம் படிக்கறாங்கம்பான் சென்றாயன். அதுக்குத்தான் உங்களத் தேடி வந்தேன்.

— அப்ப, உங்களுக்கு முன்னயே தெரியுமா?

— கஞ்சியோட வந்தப்ப அய்யன் ஒதட்டோரத்துல நம்ம கொடிக்கா மண்ணு ஒட்டியிருந்துச்சுங்க. டாக்டரம்மா வந்து பாக்கறதுக்குள்ள வேட்டித் தலப்பால தொடச்சது நாந்தானுங்க.