றெனோல்ட் நினைவுக் கிண்ணம்

— விடு ஜெனாட், கிண்ணத்தை விடு! நகத்தால சுரண்டி எடுக்கிறதுக்கு அதென்ன மூலைக்கடைப் போத்தலில ஒட்டின விலைத்துண்டே? மெஷினில வெட்டின எழுத்தடா!

— அப்ப அந்த வெள்ளை டேப்பைத் தாங்கோ, கிறகரி அண்ணை. முழங்காலுக்குச் சுத்துறது. 'அமரர்' எண்டதுக்கு மேல ஒட்டிவிடுறன்.

— ஒட்டினா? கிண்ணத்துக்குக் கால் சுளுக்கின மாதிரி இருக்கும். சனம் என்னெண்டு கேக்கும். நான் என்ன சொல்லுறது? சொல்லு பாப்பம்.

— உள்ளதைச் சொல்லுங்கோ. என்ர தம்பி றெனோல்ட் சாகேல்லை. நேற்றுக் காலமை எனக்குப் போன் எடுத்தவன்.

— மெல்லக் கதை! வான் கதவு திறந்து கிடக்கு. பத்தடி தள்ளி எதிரணி அருளம்பலத்தார் தன்ர பெடியளுக்குத் தோடம்பழம் குடுத்துக்கொண்டு நிக்கிறார். அந்தாளுக்குப் பாம்புக் காது.

— கேக்கட்டும். எல்லாருக்கும் கேக்கத்தானே வேணும்.

— என்ர மாதாவே! பத்து மணிக்கு இறுதியாட்டம். இப்ப ஒம்பதரை. மே மாசம் தொடங்கி இந்த மொன்றியலில எங்கட கல்லூரிப் பழைய மாணவர் அணியை முதுகில காவிக்கொண்டு வந்து இவடத்தில இறக்கியிருக்கிறன். இண்டைக்குப் பாத்து, என்ர வானுக்குள்ளயே ஏறி இருந்துகொண்டு, 'அண்ணை, செத்தவன் சாகேல்லை' எண்டுறாய்!

— அவன் நேற்றுத்தானே எடுத்தவன். நான் என்ன செய்ய?

— குரல் அவன்ர தானோ? வடிவாத் தெரியுமோ?

— நானும் நம்பேல்லை. 'நீ ஆர்' எண்டு கேட்டன். 'தொண்ணூற்றாறில நீ வானத்துக்கு அடிச்ச பெனால்ட்டி இன்னும் கீழ வரேல்லையோ' எண்டான்.

— ம்... அது அவன் தான். வேறென்ன சொன்னவன்?

— 'உயிரோட இருக்கிறன் அண்ணா, வன்னியை விட்டு வெளிய வந்திட்டன், மன்னாரில கிறேஸ் அக்கா வீட்டில நிக்கிறன், ஒரு விசயம் கவனமாக் கேள்' எண்டான். லைன் அறுந்திட்டுது. நான் வேலைத்தலத்தில பெட்டி அடுக்கிற மெஷினை நடுவழியில விட்டிட்டு இருபது தரம் திருப்பி எடுத்தன். கிடைக்கேல்லை.

— அந்த ஒரு விசயம் என்னவாம்?

— அதுதான் அறுந்திட்டுதெண்டிறனே! காசு கீசு கேக்கவாக்கும். இல்லாட்டி அம்மாவைக் கேக்க. அதை விடுங்கோ. நீங்கள் இப்ப மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்கோ.

— இந்தா பார் ஜெனாட், மட்ச் முடியட்டும். முடிய நானே சொல்லுறன். சத்தியம்.

— முடியாது. இப்ப.

— ஏனடா இந்த விசர் அவசரம்? பத்துக் கிழமை செத்துக் கிடந்தவன் இன்னும் தொண்ணூறு நிமிசம் கிடக்க மாட்டானோ?

— அண்ணை!

— சரி, சரி, வாய் தவறிட்டுது. ஆனா என்ர நிலைமையையும் யோசி. மே மாசம் எங்கட சீத்துவம் என்ன? முதல் மட்சுக்கு ஏழு பேர். ஒருத்தனுக்குத் துறைமுகத்தில லொறி. ஒருத்தனுக்குப் பிள்ளைக்குக் கோயிலில முதல்நன்மை. ஒருத்தன், வன்னிக்கு லைன் கிடைக்குமாம் எண்டு போனைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு வீட்டில. இரண்டாம் மட்சில கணேசலிங்கத்தின்ர முழங்கால் போட்டுது. எத்தினை கோல் வாங்கினம்?

— ஆறு.

— ஏழு! நீ ஒண்டை மறந்திட்டாய், நான் மறக்கேல்லை. பேந்து யூன் பதினைஞ்சு. றெனோல்டுக்காக ஒரு நிமிசம் நிண்டம். அண்டைக்கு நாப்பத்தாறு வயசுக்காரன் இருபத்தாறு வயசுக்காரன் மாதிரி ஓடினான். அதில இருந்து அஞ்சு மட்ச். அஞ்சும் வெற்றி. எங்கட பெடியள் வன்னிச் சேதி கேட்டு நெஞ்சு வெடிச்சுப் போய் இருந்தவங்கள். அவங்களுக்கு அழுறதுக்கும் ஓடுறதுக்கும் ஒரு பேர் கிடைச்சுது. அந்தப் பேர் உன்ர தம்பியின்ர.

— அண்டைக்கு நான் எங்க நிண்டனான் எண்டு ஞாபகம் இருக்கோ அண்ணை?

— கோலுக்குள்ள. ஒரு கோலும் விடேல்லை. அப்பிடி ஒரு விளையாட்டை நான் உன்னட்டக் கண்டதில்லை.

— ஓம். கோலுக்குள்ள. கையுறை போட்டுக்கொண்டு நிண்டனான். மைக்கில நீங்கள் 'எங்கள் கல்லூரியின் முன்னாள் அணித்தலைவர் அமரர் றெனோல்ட்' எண்டு தொடங்கேக்கதான் எனக்கே தெரியும், என்ர தம்பி செத்திட்டானெண்டு. அவனோட ஒரு பாயில படுத்தவன் நான். எனக்கு மைக்கில!

— உனக்கு எடுத்தனான். நீ போனை எடுக்கேல்லை.

— கோலுக்குள்ள நிக்கிறவன் எப்பிடியண்ணை போன் எடுக்கிறது? முதல் நாளே கண்ணீர் அஞ்சலியை இணையத்தில ஏத்திப்போட்டியள். பிரான்ஸில இருந்து ஆரோ சொன்னதை வைச்சு. அவன்ர சைக்கிளும் தோள்பையும் ஷெல் விழுந்த இடத்தில கிடந்ததெண்ட ஒரு கதையை வைச்சு.

— ரொறொன்ரோக் கிளை ஏத்தப் போகுதெண்டு கேள்விப்பட்டன்.

— அதுக்கு?

— அதுக்கெண்டா? இஞ்ச தாய் இருக்கிறா, அண்ணன் இருக்கிறான். எங்கட பெடியனுக்கு ரொறொன்ரோக்காரர் முந்தி அஞ்சலி போட்டா எங்களுக்கு எவ்வளவு வெக்கம்?

— வீட்டுக்காரருக்குச் சொல்ல முதல், ரொறொன்ரோவுக்கு முதல்!

— ஓம், பிழை. பிழை தான். ஒத்துக்கொள்ளுறன். ஆனா இப்ப மைக்கைப் பிடிச்சா அருளம்பலத்தார் என்ன செய்வார் தெரியுமோ? 'செத்தவீட்டுக்காரர் எண்டு இரங்கி எல்லா அணியும் மெல்லமா விளையாடினவை, அஞ்சு மட்சையும் திருப்பி விளையாடுங்கோ' எண்டுவார். சிவநேசம் மாஸ்டர் பிரதம விருந்தினர், நினைவுரை எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். ஒவ்வொரு பக்கத்திலயும் உன்ர தம்பி சாகிறான். றேடியோக்காரர் வந்திருக்கினம். படம் எடுத்து உடன இணையத்தில போட ஆள் நிக்குது. நான் என்ர முகத்தைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது? சொல்லு பாப்பம்!

— எங்கயாவது வையுங்கோ. அங்க முன்வரிசையில ஆர் இருக்கிறது எண்டு பாருங்கோ.

— ...அக்னெஸ் அம்மா.

— யூனில இருந்து அம்மா கறி கூட்டிச் சாப்பிட்டதில்லை. வெறுஞ்சோறும் தண்ணியும். முப்பத்தோராம் நாள் பூசையில மயங்கி விழுந்தவ. இண்டைக்குக் கிண்ணத்தை அவவின்ர கையால குடுக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறியள். செத்துப்போனான் எண்டு நினைக்கிற பிள்ளையின்ர பேர் வெட்டின கிண்ணத்தை!

— நீ நேற்றே அவவுக்குச் சொல்லியிருக்கலாம் தானே?

— வாய் வரைக்கும் வந்திட்டுது. பேந்து அடக்கினன். என்ர தம்பி மைக்கில அவவுக்கு முன்னால செத்தவன். மைக்கிலயே அவவுக்கு முன்னால எழும்பட்டும். அந்த இருநூறு சனமும் எழும்பிக் கை தட்ட வேணும். இல்லையோ, நான் கோலுக்குள்ள இறங்க மாட்டன்.

— என்னை வெருட்டுறியோ?

— ஓம்.

— வேற கோலி இல்லையெண்டு தெரிஞ்சு வெருட்டுறாய்.

— மதுஷனை விடுங்கோ. பழைய மாணவரின்ர பிள்ளையளும் விளையாடலாம் தானே.

— மதுஷனோ! அவன் பந்து வந்தா 'பர்தோன்' எண்டு பிரெஞ்சில மன்னிப்புக் கேட்டு வழி விடுவான். ...தா அந்தக் கிண்ணத்தை. இஞ்ச தா எண்டிறன்! இந்தா டேப். ஒட்டு. வடிவா ஒட்டு. நான் போய்ச் சொல்லுறன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அருளம்பலத்தார் கேட்டா அஞ்சு மட்சையும் திருப்பி விளையாடுவம், பனிக்குள்ள எண்டாலும் விளையாடுவம்.

— அண்ணை...

— வாயை மூடு. எனக்கு அழுகை வந்தா நான் ஏசுவன், உனக்குத் தெரியும். எங்க அந்த மைக்? ...என்ன, உன்ர சட்டைப்பைக்குள்ள என்ன கத்துது?

— போன். அண்ணை, நம்பர் வரேல்லை. ஊரில இருந்துதான்!

— ஸ்பீக்கரில போடு! கதவைச் சாத்து!

— ஹலோ? றெனோல்ட்? றெனோல்டோ?

— அண்ணா, கெதியாச் சொல்லு. மட்ச் துவங்கிட்டுதோ?

— இல்லையடா, இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு. நீ சுகமோ? எங்கயிருந்து எடுக்கிறாய்? கிறகரி அண்ணையும் பக்கத்தில நிக்கிறார்.

— றெனோல்ட், நான் கிறகரி. என்னை மன்னிச்சுக்கொள்ளடா. உன்னை உயிரோட சாக்காட்டினது நான் தான். இப்பவே மைக்கில சொல்லி உன்ர பேரை எடுக்கிறன். அம்மா கிண்ணம் குடுக்க வந்து முன்னுக்கு இருக்கிறா, அவவுக்கு முன்னாலயே...

— ஐயோ, வேண்டாம்! ஒருத்தருக்கும் சொல்லிப்போட்டியளோ?

— இன்னும் இல்லை. ஏன்?

— அப்பாடா... கேளுங்கோ, இது கடைக்காரற்ற போன், இரண்டு நிமிசம் தான். நான் அக்கா வீட்டுக்கு வந்து சேரேக்க அவ என்ர படத்துக்கு மாலை மாத்திக்கொண்டு நிண்டவ. உங்கட கண்ணீர் அஞ்சலியையும் கிண்ண அறிவித்தலையும் அச்செடுத்துச் சுவரில கொழுவியிருக்கிறா. முந்தநாள் நாலு பேர் வந்தவங்கள். என்னைக் கேட்டு.

— ஆர்? ஏன் உன்னைத் தேடுறாங்கள்?

— வன்னியில இருந்து வந்த எல்லாரையும் தேடுறாங்கள் அண்ணா. ஏனெண்டு கேட்டா கேட்டவனும் காணாமப் போவான். நான் கூரைக்கு மேல படுத்திருந்தனான். அக்கா ஒண்டும் கதைக்கேல்லை, சுவரைக் காட்டினவ. ஒருத்தன் தொப்பியைக் கழட்டினான். ஒருத்தன் அதில இருந்த எல்லாத்தையும் வாசிச்சான், மொன்றியல், நினைவுக் கிண்ணம், இறுதியாட்டத் திகதி, எல்லாம். 'சரி, கிண்ணம் குடுக்கிற படமும் இணையத்தில வரட்டும் பாப்பம்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவங்கள். இந்தியாவுக்கு வள்ளம் கிடைக்க ஒரு கிழமை ஆகும். அந்த ஒரு கிழமை நான் செத்திருக்க வேணும்.

— என்ர மாதாவே... ஜெனாட், அந்த டேப்பை உரி. உரியடா!

— உரிக்கிறன், உரிக்கிறன். 'அமரர்' வெளிய தெரியுது அண்ணை.

— றெனோல்ட், ஒண்டு கேக்கிறன். அந்தச் சைக்கிளில போனது அப்ப ஆர்?

— இரவிச்சந்திரன் மாஸ்டர். பள்ளிக்கூடத்தில என்னோட படிப்பிச்சவர். மருந்தெடுக்கப் போக என்ர சைக்கிளையும் பையையும் கேட்டவர். அவருக்கு ஒருத்தரும் அஞ்சலி போடேல்லை அண்ணை.

— எந்தக் கல்லூரி?

— இப்பவும் உங்களுக்கு அதுதானோ! அருளம்பலத்தாற்ற கல்லூரி.

— அந்தாள் வெளியில தோடம்பழத்தோட நிக்கிறார்... அவருக்குக்கூட நான் சொல்ல ஏலாது, என்ன?

— ஏலாது. ஒரு நிமிசம் நிக்கேக்க நீங்கள் இரண்டு பேரும் அவரை நினையுங்கோ. அது காணும்.

— தம்பி, அம்மா... பத்துக் கிழமையா அம்மா...

— தெரியும் அண்ணா. அவவின்ர காதில மட்டும் சொல்லு, நான் உயிரோட இருக்கிறன் எண்டு. சொல்லிப்போட்டு, கிண்ணம் குடுக்கேக்க, படத்துக்கு நல்லா அழச் சொல்லு.