ஊசிமலைத் தோட்டத்தை அழிக்க எவரால் முடியும்?

மின்விசிறிக்கு நேர் கீழே கம்பீரமாக வீற்றிருக்கும் தலைவர், வழக்கறிஞர் குமரப்பன் அவர்களே! ரப்பர் பால்மரம் சீவிய கரங்களால் இன்று கைப்பேசித் திரை சீவும் பெரியோர்களே! வேலைச் சங்கு ஊதுமுன் எழுந்து, சங்கையே எழுப்பிவிட்ட தாய்மார்களே! கமுந்திங்கிலிருந்தும் சிம்பாங் பூலாயிலிருந்தும் திரண்டு வந்து, இந்த ஜெலாப்பாங் மண்டபத்தைத் திணறடிக்கும் ஊசிமலைத் தோட்டத்து உறவுகளே! உங்கள் சீனியின் சிரம் தாழ்ந்த, ஆனால் குரல் தாழாத வணக்கம்!

நம் தோட்டம் எங்கே? வீடமைப்புக்குப் போனது. நாம் வரிசையாய்க் குடியிருந்த லயம் எங்கே? இடித்தாயிற்று. மிஞ்சியது ஒன்றே ஒன்று! யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம் என்ற இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கட்டுரை. எழுதியவள் என் அக்கா மகள் புனிதா. மறைந்த தன் அப்பா பிறந்த ஊர் வரைபடத்தில்தான் இல்லை, அங்காவது இருக்கட்டுமே என்று எழுதினாள்.

நான் சும்மா இருப்பேனா? ஆறாம் வகுப்புவரை படித்துக் கரை கண்டவன் அல்லவா! நம் சங்கொலி பினாங்குவரை கேட்டது என்று சேர்த்தேன். கள்ளுக்கடைக்கு வெள்ளிதோறும் புலி வந்தது, வரிசையில் நின்றது என்று சேர்த்தேன். யாரப்பா அங்கே சிரிப்பது? ஜெயபாலனா? புலிக்கு இடம்விட்டு ஒதுங்கி நின்றதே உன் அப்பன்தானப்பா!

மறுநாள் கட்டுரையைக் காணோம்! ‘வெள்ளெருக்கு’ என்று புனைபெயர் பூண்ட ஒருவர் முழுவதையும் நீக்கிவிட்டார். காரணம்? ‘சான்று இல்லை. குறிப்பிடத்தக்க இடமும் இல்லை.’

புனிதா ஓடி வந்தாள். “மாமா, ஒங்க புலியாலதான் எல்லாம் போச்சு! எங்கப்பா பொறந்த எடமே பொய்யின்னு ஆயிருச்சு லா!”

“அழுவாத புள்ள. புலி உறுமுனாத்தான் ஊரு திரும்பிப் பாக்கும்” என்றேன்.

நீக்கியதை மீட்க வாதாடும் பக்கம் ஒன்று அங்கே உண்டு. அதில் இடியென முழங்கினேன். வெள்ளெருக்கு ஒரே வரியில் கேட்டார்: ‘அச்சில் வந்த சான்று உண்டா?’

அச்சா! லயத்துக்காரன் வாழ்ந்தபோது எந்தப் பத்திரிகை எழுதியது? எழுதவில்லை. ஆனால் அவன் செத்தபோது எழுதியது, ஐயா, எழுதியது! தே தாரிக் தேநீரோடு நாளிதழைத் திறந்தால் நாம் முதலில் பார்ப்பது எதை? மரண அறிவித்தலை! படத்துக்குக் கீழே என்ன இருக்கும்? ‘முன்னாள் ஊசிமலைத் தோட்டம்!’ இதை என் மூளையே கண்டுபிடித்தது!

என்னக்கா? அடுத்த லயத்து இருளாயி அக்கா எழுந்துவிட்டார். “டேய் சீனி, எங்க வீட்டுக்காரரு படத்த நான் காட்டுன பெறகுதானடா ஒனக்கு மூளையே வந்துச்சு!”

சரிக்கா, பாதி மூளை உங்களுடையது. அக்காவுக்குக் கைதட்டுங்கள்!

நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் புரட்டினோம். புனிதா முதலில் தேடியது தன் அப்பாவின் அறிவித்தலை. கிடைத்தது. அதில் அவர் கடைசியாகக் குடியிருந்த தாமானின் பெயர் மட்டுமே இருந்தது. எழுதிக் கொடுத்தவளும் அவளேதான்.

பக்கத்தைப் புரட்டினேன். நம்மை வேலை வாங்கிய தண்டல் வந்தார்! கங்காணியார் வந்தார்! நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகை அம்மா வந்தார்! ஆளுக்கொரு தாமானில் மூச்சை விட்டவர்கள், அத்தனை பேரும் ஒரே ஊரின் பெயரைச் சுமந்து சாட்சிக்கு வந்தார்கள்! ‘இவை விளம்பரம்தானே?’ என்றார் வெள்ளெருக்கு. புனிதா எழுதினாள்: ‘விளம்பரம்தான். இறந்தவர்களுக்குப் பொய் சொல்லி என்ன ஆகவேண்டும்?’

இன்று காலை அவரே எழுதினார்: ‘ஊர் இருந்திருக்கிறது. மீட்கிறேன்.’

மீண்டு வந்த கட்டுரை மூன்றே வரி! சங்கு போனது, புலி போனது. போகட்டும்! ஊரார் வீட்டு அப்பன்கள் கூடி வந்து, இவள் அப்பனின் ஊரை மீட்டுக் கொடுத்தார்கள்!

ஆகவே உறவுகளே, நமக்கும் ஒருநாள் படம் வரும். அதன் கீழே தோட்டத்தின் பெயரைப் போடும்படி பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள். அவசரமில்லை, சாட்சி சொல்ல நிதானமாகவே போங்கள்! பொறுத்தருளிய தலைவருக்கும், குறுக்கே பேசிய அக்காவுக்கும், வராமல்போன புலிக்கும் நன்றி. ஊசிமலை மக்களே, வணக்கம்!