பாறையிலிருந்து கூவாத சேதி

குண்டு விழுகிறது. நான் பாறை மேல் நிற்கிறேன். போன் காதில் இருக்கிறது.

முதலில் சீட்டி அடிப்பது போல ஒரு சத்தம். நீளமாக. பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததுதான் பயம். பிறகு தொம் என்று ஓர் அடி. காதோடு போன் கரகரக்கிறது. என் வீட்டுக்காரர் என்னிடம் பேசவில்லை. பக்கத்தில் இருப்பவர்களிடம் கத்துகிறார். "படு! படு! கீழ படுங்கடா!" அடுத்து இந்தியில் கத்தினார். எனக்குப் புரியவில்லை. மறுபடியும் சீட்டி. லைன் அறுந்தது.

இங்கே ஜவ்வாது மலையில் சாயங்கால வெயில். எதிர் மேட்டில் யாரோ மாடு ஓட்டிப் போகிறார்கள். மாட்டு மணி கேட்கிறது. குண்டு விழுந்த இடம் நாட்டின் அந்தக் கோடி. சத்தம் விழுந்தது என் காதில்.

அவர் பட்டாளத்தில் இருந்தார். எல்லையில். நான் எட்டாவது வரை படித்தவள். துப்பாக்கியைத் தொட்டதில்லை. சண்டையைப் பற்றி எழுத எனக்கு என்ன தெரியும்? ஆனால் கேட்டேன். கேட்டதைச் சொல்கிறேன். காளியம்மா சாட்சி.

எங்கள் ஊரில் டவர் இல்லை. ஊருக்கு மேலே இருக்கும் இந்தப் பாறையில்தான் சிக்னல். யாருக்குப் போன் வந்தாலும் பாறையில் நிற்பவர் கீழே பார்த்துக் கூவுவார். பிள்ளை பிறந்தது, வேலை கிடைத்தது, பஸ் ஏறிவிட்டான், எல்லாம் கூவித்தான் தெரியும். சாவுச் சேதியை மட்டும் கூவ மாட்டோம். பாறைக்குக் கீழே அம்மன் கோயில். அவள் காதில் சாவை உரக்கச் சொல்லக் கூடாது. வாயை மூடிக்கொண்டு இறங்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டு வாசலில் வந்து நின்றுதான் சொல்ல வேண்டும்.

அதனால் பாறையில் சும்மா நிற்க முடியாது. கீழே என் மாமியார் நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்க்கிறார்.

"இன்னாடீ! இன்னா சொல்றான் எம்புள்ள?"

"நல்லா கீறாரு அத்தே! நல்லா கீறாரு!"

கூவினேன். கத்துகிற ஆள் உயிரோடுதானே இருப்பார்?

அது புதன்கிழமை. அதற்குப் பிறகு அவர் போனுக்கு லைன் போகவே இல்லை. தினமும் ஏறினேன். கூடவே பக்கத்து வீட்டுச் சரசுவும் வருவாள். அவள் வீட்டுக்காரர் போலீஸ். சண்டை தொடங்கியதும் லீவு எல்லாம் ரத்து. ஊர் ஊராகக் காவல்.

"உன் ஆளு குண்டுல கீறாரு. என் ஆளு கூட்டத்துல கீறாரு," என்றாள் சரசு. "கோயிலு கோயிலா பந்தோபஸ்து. எல்லாரும் சாமியப் பாக்குறாங்க. இவரு மட்டும் சாமிக்கு முதுகக் காட்டிக்கினு நிக்குறாரு. அதுக்குத்தான் சம்பளம்."

சிரித்துவிட்டேன். உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

என் கொழுந்தன் ஏழுமலை தீயணைப்பு வண்டியில் இருக்கிறான். அடிவாரத்தில் வேலை. கோடையில் காடு பற்றினால் அவன் புருவம் கருகித்தான் வீடு வருவான். ஆள் குள்ளம். தொண்டை பெரியது. அவன் பாறையில் நின்று, "அண்ணி! சோறு வையுங்க!" என்றால் எதிர் மேட்டு ஊர்க்காரர்களும் அடுப்பு மூட்டுவார்கள் என்று கேலி செய்வோம். அத்தை பெற்றது இரண்டு பிள்ளைகள். இரண்டையும் நெருப்புக்குத்தான் அனுப்பினார்.

புதுச் சாமை வந்தால் அம்மனுக்குப் படைத்து, வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும். வெளியூரில் இருப்பவர் பங்கை ஒரு பிடி எடுத்து மஞ்சள் துணியில் முடிந்து அம்மன் படத்தில் தொங்கவிடுவோம். அவர் வாசலை மிதித்த பிறகுதான் அவிழ்ப்போம். நான் வாழ வந்ததிலிருந்து அந்த முடிச்சு தொங்காத வருஷம் இல்லை. என் மகள் செல்விக்கு அப்பா என்றால் போனில் வரும் குரல். "அப்பா, நீ எவ்ளோ ஒசரம்?" என்று ஒருநாள் கேட்டாள். "நம்ம வூட்டு வாசப்படியில குனிஞ்சுதான் வருவேன், அவ்ளோ ஒசரம்," என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பாறையிலிருந்து சரசு கூவுகிறாள்.

"சண்ட நின்னுபோச்சு! டேய், சண்ட நின்னுபோச்சு!"

கீழே மேளம் எடுத்துவிட்டார்கள். டங்கு டங்கு என்று மலை முழுக்கச் சத்தம். கோயிலில் மணி. நான் மண்ணில் விழுந்து கும்பிட்டேன்.

ஞாயிறு காலை அத்தை முடிச்சை அவிழ்த்தார்.

"இன்னும் வரலியே அத்தே," என்றேன்.

"ரயிலு ஏறியிருப்பான்டீ. வரும்போது சோறு இல்லன்னா திட்டுவான். தண்ணி வை."

உலை கொதிக்கிறது. சாமையைப் போட்டோம். தளதள என்று சத்தம். அப்போது செல்வி, "சித்தப்பா!" என்று வெளியே ஓடினாள்.

பஸ் நிற்கும் மேடு பாறைக்குப் பின்னால். அங்கிருந்து வந்தவன் பாறையில் நிற்கிறான். ஏழுமலை. காக்கிச் சட்டையோடு. வேலை நேரத்தில். நான் நிமிர்ந்து பார்க்கிறேன். அவன் கூவவில்லை. குனிகிறான். செருப்பைக் கழற்றுகிறான்.

அத்தையும் பார்த்துவிட்டார். கரண்டியோடு முற்றத்துக்கு ஓடினார்.

"கூவுடா! டேய் ஏழுமல! வாயத் தொறந்து கூவுடா!"

அவன் இறங்குகிறான்.

"எதுனா கூவுடா! சோறு வைன்னு கூவுடா! எம்புள்ள இல்ல நீ? கூவுடா!"

செருப்பைக் கையில் பிடித்தபடி வந்தான். வாசலில் நின்றான். சொன்னான். பட்டாளத்திலிருந்து அடிவாரத்தில் அவனுக்குத்தான் போன் வந்ததாம். சண்டை நிற்பதற்கு முந்தின இரவு விழுந்த குண்டு. நாங்கள் மேளம் அடித்தபோது அவர் இல்லை.

பெட்டியில் வந்தார். வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள். டப். டப். டப். ஒவ்வொரு தடவையும் மலை திருப்பிச் சொன்னது. செல்வி பெட்டியின் பக்கத்தில் நடந்து பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. "இவ்ளோ ஒசரமாம்மா?" என்றாள்.

அம்மனிடம் இப்போதும் போகிறேன். விளக்கு ஏற்றுகிறேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை. சீருடை போட்ட ஆளை நீங்கள் எங்கே பார்த்தாலும், ரோட்டுச் சிக்னலிலோ, தீ வண்டியிலோ, ரயிலிலோ, அவர் வீட்டில் ஒரு முடிச்சு தொங்குகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் எழுதுகிறேன்.

போனது இவ்வளவு. ஓர் ஆள். பாதியில் அறுந்த ஒரு பேச்சு. அடுப்பில் கருகிய ஒரு பிடி சாமை. ஏழுமலையின் தொண்டை. தீயில் கூவுகிறானாம், பாறையில் கூவுவதில்லை. அத்தையின் காது. யார் கூவினாலும் அவர் நிமிர்வதில்லை. செல்விக்கு ஓர் அப்பா.

வாசப்படி அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் குனிந்து நுழைய இப்போது யாரும் இல்லை.